பின்வாசலுக்கு ஒரு வார்த்தை

பிப்ரவரி 4

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தொடங்கிவிட்டேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? விடுதிப் பெண்கள் இன்னும் கேட்டைத் தாண்டிக் குதிக்கிறார்களா?

மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. முன்னறையில், அப்பாவின் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பழுதுபார்க்க வந்த தையல் மெஷின் ஒன்றில் சின்ன விளக்கு இருக்கிறது. அதன் வெளிச்சம் தாளுக்குமட்டும் போதும். அம்மாவுக்கு இந்த மாதமும் மருத்துவமனையில் இரவு வேலை. அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன் என்பதால், பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு எதிரே நோட்டுக் கடை வைத்திருக்கும் அக்காவின் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவர் யாரிடமும் சொல்லமாட்டார்.

பின்பக்கச் சாக்கடை அடைத்துக்கொண்டது. வேலைக்கு வந்தவர்கள் பின்வாசல் படிக்கல்லைப் பெயர்த்தார்கள். அதற்கடியில் தார்ப்பாயில் சுற்றி ஒரு துப்பாக்கி இருந்தது. தொட்டால் பிஸ்கட் மாதிரி உதிரும் அளவுக்குத் துரு. மரக்கட்டை ஊறிப்போயிருந்தது. ஆனால் அதில் செதுக்கியிருந்த எண்ணை அப்பா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே ஓடித் தாத்தாவின் தகரப்பெட்டியை இழுத்து வந்தார். பெட்டி மூடியிலும் அதே எண். தாத்தா போருக்குக் கொண்டுபோன துப்பாக்கிதான்.

"இத்தனை வருஷமா நம்ம காலடியிலேயே கிடந்திருக்கு பாரு," என்று அப்பா சிரித்தார். மண்ணெண்ணெய்த் தொட்டியில் அதை ஊறப் போட்டிருக்கிறார். தினமும் கடையை மூடியபிறகு கம்பி பிரஷ், உப்புத்தாள் என்று அதனுடன்தான் இருக்கிறார். புதிதாக்கிக் கண்ணாடிப் பெட்டியில் மாட்டப்போகிறாராம். முதலில் போலீஸில் சொல்லச் சொல்லி அம்மா கேட்டாள். "முடிச்சிட்டு நானே கொண்டுபோய்க் காட்டுறேன். துருவோட காட்டினா எங்க அப்பாவுக்கு என்ன மரியாதை?" என்றார். "துருப்பிடிச்ச இரும்புக்கு இவ்வளவு சீர் செய்றீங்க, அலமாரிக் கீல் ஒண்ணு மாட்டித் தரச் சொல்லி எட்டு மாசம் ஆச்சு," என்றாள் அம்மா.

நான் எதற்கு எழுதுகிறேன் என்றால், நேற்று இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். அப்பா பின்வாசலுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் துப்பாக்கி. கண் திறந்திருந்தது. "அப்பா" என்றேன். திரும்பவில்லை. முகத்துக்கு முன் கையை ஆட்டினேன். இமைக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தார், அத்தை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு.

காலையில் கேட்டால், நன்றாகத் தூங்கினேன் என்கிறார்.

அப்பா சின்ன வயதில் இப்படித் தூங்குவாரா? எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 11

அன்புள்ள கண்ணுக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பெண்கள் குதிக்கிறார்கள், நான் கேட்டருகே நாற்காலி போட்டுக் கடைசிப் பெண் வரும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.

நீ படிக்கிற பெண். இரவில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் அப்பா சின்ன வயதில் நன்றாகத் தூங்குவான். இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டான்.

அந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. எவ்வளவு தேய்த்தாலும் அது வேலை செய்யாது. முக்கியமான துண்டு அதில் இல்லை. அதை இருந்த இடத்திலேயே வைத்துப் படிக்கல்லை மூடிவிடச் சொல்லி உன் அம்மாவைக் கொண்டு கேட்டுப்பார். நீ அதைத் தொடாதே.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. நிறையத் தண்ணீர் குடி.

உன் அத்தை


பிப்ரவரி 25

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் நலத்தையும் கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் குடிக்கிறேன்.

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். துண்டு ஒன்று குறைகிறது என்று நான் எழுதவே இல்லை. அப்பாவே போன வாரம்தான் அதைக் கண்டுபிடித்தார். குண்டை உள்ளே தள்ளிப் பூட்டுகிற கைப்பிடி வைத்த உருளைத் துண்டு. போல்ட் என்கிறார். தார்ப்பாய் முழுக்க உதறிப் பார்த்தார், மண்ணைச் சலித்தார், கிடைக்கவில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும்?

தார்ப்பாய்க்குள் மெழுகு வைத்து மூடிய புகையிலை டப்பா ஒன்றும் இருந்தது. உள்ளே ஒரு தகரப் பட்டையில் நாலு குண்டுகள். ஐந்தாவது இடம் காலி. எல்லாம் துருப்பிடித்துக் கிடக்க, அவைமட்டும் நேற்று வாங்கியதுபோல மின்னுகின்றன. அப்பா அந்த டப்பாவைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. துரு போய்க் குழல் வெள்ளையாக வந்துவிட்டது. இரவு எண்ணெய் பூசித் துணி சுற்றி வைக்கிறார். காலையில் துணியைப் பிரித்தால் ஓர் இடத்தில்மட்டும் புதிதாகத் துரு. முதல் நாள் திட்டுத்திட்டாக இருந்தது. மறுநாள் விரல்கள் தெரிந்தன. உள்ளங்கை, நாலு விரல், கட்டைவிரல். யாரோ வியர்த்த கையால் பிடித்ததுபோல.

"தொட்டியா?" என்று அப்பா கேட்டார். இல்லை என்றேன். "வியர்வைக் கை பட்டா ஒரே ராத்திரியில துரு ஏறிடும், தெரியுமில்ல? உண்மையைச் சொல்லு குட்டி." அவர் கடைக்குப் போனதும் என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். என் கையைவிடச் சின்னது. இந்த வீட்டில் என் கையைவிடச் சின்னக் கை கிடையாது.

அப்பா தேய்த்துவிடுகிறார். மறுநாள் திரும்ப வருகிறது.

இப்போது சாப்பாட்டு நேரத்தில் ஒரு விளையாட்டு வேறு. தட்டில் கை வைக்குமுன், "இன்னிக்கு வார்த்தை, குடை," என்பார். ராத்திரி பின்வாசலில் யார் வந்தாலும் "யார் அது?" என்று கேட்போமாம், வந்தவர் அன்றைய வார்த்தையைச் சொல்ல வேண்டுமாம். யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "தெரியல. வாயில வந்துச்சு," என்றார்.

அம்மா ஏழு மணிக்கே கிளம்பிவிடுகிறாள். நாங்கள் சாப்பிடுவது எட்டரைக்கு. அவள் திரும்புவது விடிவதற்கு முன், பின்வாசல் வழியாக. அவளுக்கு வார்த்தை தெரியாது.

உங்கள் மருமகள்


மார்ச் 3

கண்ணு,

நலம்தானே. நானும் அப்படித்தான்.

அந்தக் கை. கட்டைவிரல் எந்தப் பக்கம் இருந்தது என்று சரியாகப் பார்த்து எழுது. அது வலது கையா, இடது கையா?

தினமும் அம்மா வருவதற்குமுன் நீ எழுந்துவிடு. அவளுக்கு நீயே கதவைத் திற. மறக்காதே.

பென்சில் பெட்டி ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

அத்தை


மார்ச் 14

அன்புள்ள அத்தைக்கு,

பென்சில் பெட்டிக்கு நன்றி. எல்லோரும் நலம் என்று எழுத முடியவில்லை. போன வாரம் எனக்கு இரண்டு நாள் காய்ச்சல். இப்போது தேவலை.

இடது கை. என் இடது கையை வைத்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி தினமும் நாலு மணிக்கு எழுந்துவிடுகிறேன். காய்ச்சல் வந்த இரவுமட்டும் தூங்கிவிட்டேன். அன்று அம்மாவை அப்பா அரைமணி நேரம் வெளியே நிறுத்திவிட்டார். அம்மா கத்திய சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வந்தது.

"யார் அது?"

"நான்தாங்க. கதவைத் திறங்க, கால் வலிக்குது."

"வார்த்தை?"

"என்ன வார்த்தை? கெட்ட வார்த்தையா? இப்ப சொல்லவா?"

"வார்த்தை?"

"பதினாறு வருஷமா குடும்பம் நடத்துறீங்களே, யாரோடன்னு இன்னுமா தெரியல?"

நான் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். அப்பாவின் கையில் துப்பாக்கி இருந்தது. கதவை நோக்கிப் பிடித்திருந்தார். போல்ட் இல்லாத வெறும் குழல்தான். ஆனால் வலது கை, இல்லாத கைப்பிடியைப் பிடித்து இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அம்மா அவரை உலுக்கியதும் விழித்துக்கொண்டு, "எப்ப வந்த? சாப்பிட்டியா?" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அம்மா கத்துவதற்கு முன்பும் ஏதோ கேட்டது, அத்தை. காய்ச்சலில் கனவு என்றுதான் நினைத்தேன். நேற்று காய்ச்சல் இல்லாமலும் கேட்டது. பின்வாசல் கதவுக்கு அந்தப் பக்கம், தாழ்வான இடத்திலிருந்து, ஒரு பையனின் குரல். பாடம் ஒப்பிக்கிறவனைப்போல ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்கிறான். அப்பா இந்த மாதம் சொன்ன வார்த்தைகள் எதுவும் அதில் இல்லை. நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

குடம். திரி. அணில்.

ஒவ்வொன்றுக்கும் அப்பா உள்ளே இருந்து, "இல்லை," என்கிறார்.

பிறகு அந்தக் குரல் நின்றுவிடுகிறது. கதவு இடுக்கில் பார்த்தேன். படிக்கல்மேல் யாரும் இல்லை.

இந்த வார்த்தைகள் உங்களுக்குத் தெரியுமா? சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

நீ சௌக்கியமா? கடிதம் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, திட்டாதே. உனக்கு ஒரு நல்ல சேதி. அப்பாவின் துப்பாக்கி கிடைத்திருக்கிறது. பின்வாசல் படிக்கல்லுக்கு அடியில் யார் புதைத்தார்களோ தெரியவில்லை. நீ பார்த்தால் அசந்துபோவாய், அப்படித் தேய்த்து வைத்திருக்கிறேன். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் ஏழு முறை ஏற்றியாகிவிட்டது.

ஒரு துண்டுமட்டும் இல்லை. கடைசல் பட்டறை நண்பரிடம் அளவு கொடுத்துச் செய்யச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடிப் பெட்டியில் மாட்டுவதற்கு அது எதற்கு என்று உன் தம்பி பெண்டாட்டி கேட்கிறாள். என் தொழில் உனக்குத் தெரியும். எந்தத் தையல் மெஷினையும் நாலு தையல் ஓட்டிப் பார்க்காமல் நான் திருப்பிக் கொடுத்ததில்லை. ஓடாத மெஷின் பழுதுபார்த்த மெஷின் இல்லை. இதையும் ஒரு முறை சுட்டுப் பார்த்தால்தான் எனக்கு வேலை முடிந்ததாக அர்த்தம்.

இதைக் கையில் வைத்திருக்கும்போது நமக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்ற நினைவு அடிக்கடி வருகிறது. எனக்கு அண்ணன், உனக்குத் தம்பி. காய்ச்சலில் போய்விட்டான் என்று அம்மா சொல்வாள். எனக்கு அப்போது மூன்று வயது, முகம்கூட நினைவில்லை. உனக்கு ஏதாவது நினைவிருந்தால் எழுது.

ஒருமுறை வந்துவிட்டுப் போ. வீட்டைவிட்டுப் போனபின் நீ இந்த வாசலை மிதிக்கவே இல்லை.

அன்புத் தம்பி


ஏப்ரல் 7

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே? நான் எழுதி இருபத்து நான்கு நாள் ஆகிறது. நோட்டுக் கடை அக்கா என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தலையை ஆட்டிவிடுகிறார், வரவில்லை என்று.

அடுத்த வாரம் போல்ட் தயாராகிவிடும். அம்மாவிடம் நான் கேட்டதையெல்லாம் சொன்னேன். "பரீட்சை பயம்டி. சாப்பிட்டுத் தூங்கு," என்றாள். டப்பாவை ஒளித்து வைக்கலாம் என்று பார்த்தேன், அப்பா தூங்கும்போதும் அதன்மேல் கை வைத்திருக்கிறார். எனக்கு அப்பாவைப் பிடிக்கும். பகலில் அவர் பழைய அப்பாதான். நேற்று என் கைக்கடிகாரத்துக்கு மெஷின் எண்ணெய் போட்டு ஓடவைத்துக் கொடுத்தார். ராத்திரி அம்மாவை அவர் சுட்டுவிட்டால், காலையில் எழுந்து "எப்ப வந்த? சாப்பிட்டியா?" என்று கேட்பார். அதை நினைத்தால்தான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது.

குரல் தினமும் வருகிறது. அதே மூன்று வார்த்தைகள். பிறகு ஒன்றும் சொல்லத் தெரியாமல் நிற்கிறான். நிற்கிறான் என்று எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரிகிறது.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 13

கண்ணு,

நீ நலமாக இருக்க வேண்டும். வேறு ஒன்றும் விசாரிக்கத் தோன்றவில்லை.

பதில் எழுதாமல் இருந்ததற்கு என்னை மன்னிக்க வேண்டாம். அந்த மூன்று வார்த்தைகளைப் படித்தபின் என்னால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை.

உன் தாத்தா போரிலிருந்து திரும்பியபோது துப்பாக்கியையும் கொண்டுவந்தார். எப்படி விட்டார்களோ தெரியாது. அவருக்குத் தூக்கம் வராது. பின்வாசலுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அங்கே முகாமில் ஒவ்வொரு இரவும் ஒரு வார்த்தை மாறுமாம். வெளியே போய்த் திரும்புகிறவன் அதைச் சொல்லாவிட்டால் சுடலாமாம். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் அதை விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வார்த்தையைச் சொல்வார். அப்போது கழிப்பறை வெளியே இருந்தது, ராத்திரி போய்த் திரும்ப அந்த வார்த்தை வேண்டும். அணில் ஒரு நாள். திரி ஒரு நாள். குடம் ஒரு நாள். எங்களுக்கு அது பழகிவிட்டது. பல் தேய்ப்பதுபோல.

உன் அப்பாவுக்கு மேலே, எனக்குக் கீழே ஒரு தம்பி. ஏழு வயது. இடது கைக்காரன். இடது கையால் சாப்பிட்டால் அடி விழும், எழுதினால் அடி விழும். ஆனால் துப்பாக்கியைத் துடைக்க அவனைத்தான் எங்கள் அப்பா கூப்பிடுவார். இடது கையால் குழலைப் பிடித்துக்கொண்டு துடைப்பான்.

குடத்துக்கு மறுநாள் அவன் என் நோட்டில் மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டான். நான் அழுதேன். அவன் பயந்துபோய் விறகுக் கொட்டகையில் ஒளிந்து அங்கேயே தூங்கிவிட்டான். சாப்பிட வரவில்லை. அன்றைய வார்த்தை ஏணி. "அவன்கிட்ட போய்ச் சொல்லிட்டு வா," என்றார் அப்பா. போனேன். தூங்கிக்கொண்டிருந்தான். கோபத்தில் எழுப்பாமல் வந்துவிட்டேன். "சொன்னியா?" என்றார். "சொல்லிட்டேன்," என்றேன்.

நடு இரவில் அவன் கதவருகே வந்தான். யார் அது என்று கேட்டார். குடம் என்றான். இல்லை என்றார். திரி என்றான். அணில் என்றான். "அப்பா, நான்தான்," என்றான். நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன், கண்ணு. ஒரு வார்த்தை. நான் எழுந்து சொல்லியிருந்தால் போதும். பொய் சொன்னது தெரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஊருக்குக் காய்ச்சல் என்று சொன்னோம். அம்மா படிக்கல்லைப் பெயர்த்துத் துப்பாக்கியைப் புதைத்தாள். நான் விளக்குப் பிடித்தேன். அந்தத் துண்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, இதை இந்த வீட்டிலிருந்து எங்கேயாவது கொண்டுபோ என்றாள். என் பெட்டியில்தான் இருக்கிறது. முப்பத்தெட்டு வருடம்.

இந்தக் கடிதத்தை உன் அம்மாவிடம் காட்டு. உடனே காட்டு. துப்பாக்கி தயாராகும் அன்று அவளை வீட்டுக்கு வரவிடாதே. வந்துதான் ஆக வேண்டுமென்றால், அன்றைய வார்த்தையை அவளிடம் சொல்லாமல் நீ தூங்காதே. நான் செய்ததை நீ செய்துவிடாதே.

இன்னொன்று கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்காமலும் முடியவில்லை. அவன் அங்கே நின்றால், அவனுக்கும் சொல்லிவிடு.

அத்தை


ஏப்ரல் 21

அன்புள்ள அத்தைக்கு,

அம்மா நலம். அப்பா நலம். நானும். முதலில் அதை எழுதிவிடுகிறேன், நீங்கள் பயந்துகொண்டு படிக்கக் கூடாது.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை மாலை கிடைத்தது. கடை வாசலிலேயே நின்று படித்தேன். ஓடி வந்தால் அம்மா இல்லை. இன்னொரு நர்ஸுக்கு உடம்பு சரியில்லை என்று ஐந்து மணிக்கே கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்களாம். மேஜைமேல் எண்ணெய்த் துணியில் போல்ட் இருந்தது. மதியம்தான் பட்டறையிலிருந்து வந்ததாம்.

அப்பா அதைப் பொருத்தினார். பின்னால் இழுத்து முன்னால் தள்ளியபோது ஒரு சத்தம் வந்தது. அப்படி ஒரு சுத்தமான சத்தத்தை எங்கள் வீட்டில் நான் கேட்டதில்லை. "நாளைக்கு ஊருக்கு வெளியே போய் ஒரே ஒரு தடவை சுட்டுப் பாப்போம். அப்புறம் பெட்டிக்குள்ள வச்சிடலாம்," என்றார். பிறகு ஒரு குண்டை எடுத்து, சரியாக உட்காருகிறதா என்று பார்க்க உள்ளே போட்டார். வெளியே எடுக்கவில்லை. எடுங்கள் அப்பா என்றேன். "எடுக்கலாம், எடுக்கலாம். முதல்ல சாப்பிடு," என்றார்.

தட்டில் கை வைக்குமுன் பின்வாசலைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னிக்கு வார்த்தை, ஏணி."

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

மூன்றரை மணிக்கு எழுந்தேன். அப்பா முக்காலியில் இருந்தார், கண் திறந்தபடி. அன்று உள்ளே குண்டு இருந்ததால் அவரைத் தாண்டிப் பின்வாசலுக்குப் போகத் துணிவு வரவில்லை. கடையின் ஷட்டரை ஒரு முழம் தூக்கி, அடியில் ஊர்ந்து வெளியே வந்து, பின்சந்துக்கு ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை. முனையில் அம்மாவின் டார்ச் வெளிச்சம் வந்தது.

"இதென்னடி கோலம்? இந்நேரத்துல தெருவுல."

கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். முழுதாகச் சொன்னேனா என்று தெரியாது. துப்பாக்கிக்குள் குண்டு இருக்கிறது என்பதைமட்டும் இரண்டு முறை சொன்னேன். அம்மா திட்டுவதை நிறுத்திவிட்டாள். "அப்ப முன்பக்கமா போலாம் வா," என்று திரும்பினாள்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. எங்களுக்குப் பத்தடி முன்னால், பின்வாசல் பக்கத்திலிருந்து.

"யார் அது?" என்று அப்பா உள்ளே கேட்டார்.

"குடம்."

"இல்லை."

அம்மா என் தோளை இறுகப் பிடித்தாள். "யாருடி அந்தப் பையன்? யாரு வீட்டுப் பையன்?" என்று கிசுகிசுத்தாள். அவளுக்கும் கேட்டது, அத்தை.

"திரி."

"இல்லை."

"அணில்."

"இல்லை."

உள்ளே போல்ட்டை இழுத்துத் தள்ளுகிற சத்தம் வந்தது. "ஐயோ, கதவு மெல்லிசு," என்றாள் அம்மா. டார்ச்சைக் கீழே போட்டுவிட்டுக் கதவை நோக்கி ஓடத் தொடங்கினாள். யாரோ ஒரு பையனைக் காப்பாற்றத்தான் ஓடினாள். நேராகக் குழலுக்கு எதிரே.

"ஏணி," என்றேன். சத்தமே வரவில்லை. இன்னொரு முறை, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, நிறுத்திச் சொன்னேன். "ஏணி. இன்னிக்கு வார்த்தை ஏணி. அக்கா சொல்லச் சொன்னாங்க."

அம்மா படிக்கல் அருகே போய் நின்றுவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்திலிருந்து, அதே வார்த்தை வந்தது.

"ஏணி."

தாழ்ப்பாள் திறந்தது.

"சரி," என்றார் அப்பா. "மூணு பேரும் உள்ள வாங்க."

அம்மா ஒரே எட்டில் போய்த் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் தடுக்கவே இல்லை. முக்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். விழித்திருந்தார். "அவன் ஏன் இவ்வளவு நேரம் வெளியே நின்னான்?" என்று கேட்டார். அழுதுகொண்டே கேட்டார்.

விடிந்ததும் அம்மா துப்பாக்கி, டப்பா எல்லாவற்றையும் போர்வையில் சுற்றிக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். அப்பாவும் கூடவே போனார். எப்போது கிடைத்தது, ஏன் அன்றே சொல்லவில்லை என்று இரண்டு மணிநேரம் கேட்டார்களாம். உங்கள் கடிதத்தை அவர் படித்தார். அதன்பின் கடையைத் திறக்கவில்லை. நேற்றுத்தான் திறந்தார். ராத்திரி நன்றாகத் தூங்குகிறார், கண்ணை மூடிக்கொண்டு.

பின்வாசலில் இப்போது குரல் இல்லை. ஆனால் அத்தை, உள்ளே வரச் சொன்னோம். வந்துவிட்டான். திரும்பிப் போகவில்லை.

நான் படுத்தபின் போர்வை ஒரு பக்கம் இழுபடுகிறது. முதுகுக்குப் பின்னால் மூச்சு கேட்கிறது. தூங்குகிறவன் மூச்சு இல்லை, தூக்கம் வராமல் புரளுகிறவன் மூச்சு. நேற்று ஜில்லென்று ஒரு பாதம் என் காலில் பட்டது. கத்த நினைத்தேன். கத்தினால் அம்மா வந்து அவனை விரட்டிவிடுவாளோ என்று வாயை மூடிக்கொண்டேன். எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. முறைப்படி எனக்குப் பெரியப்பா. என் இடுப்பு உயரம்தான் இருக்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

உங்கள் மருமகள்


ஏப்ரல் 25

என் கண்ணே,

உன் கடிதம் இன்று காலை வந்தது. விடுதி வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். பின்வாசல் வழியாகத்தான் வருவேன். தம்பியிடம் சொல்.

அதுவரை பயப்படாதே. அவன் ஒன்றும் செய்யமாட்டான். சின்ன வயதிலிருந்தே அவனுக்குச் சுவரோரம் இருந்தால்தான் தூக்கம் வரும். நீ கொஞ்சம் நகர்ந்து படு.

அத்தை